'இறந்துபோன' பாடகர் மேடைக்கு வந்தார்!

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரம். 1998-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ந்தேதி இரவு.

சைக்கிள் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட பெரிய அரங்கம் அது. பெயர் பெல்வில் வெலோட்ரோம். உள்ளே ஏறத்தாழ 5 ஆயிரம் பேர். எல்லோரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள். ஆனாலும் பலருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். "வரப்போவது உண்மையிலேயே அவர்தானா? இல்லை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரையாவது கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்களா?"

சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஏனென்றால் அவர்கள் பார்க்க வந்த பாடகர் எப்போதோ செத்துப்போய்விட்டார் என்றுதான் அந்த நாட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டு இருந்தார்கள்.

சாவு எப்படி நடந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மேடையிலேயே உடம்பில் தீ வைத்துக்கொண்டார் என்றார்கள் சிலர். பாடி முடித்ததும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றார்கள் வேறு சிலர். போதை மருந்து சாப்பிட்டுச் செத்தார் என்று ஒரு கதை. ஜெயிலில் இருக்கிறார் என்று இன்னொரு கதை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அவர் பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். இந்தக் கதைகள் பரவிக்கொண்டு இருந்த காலத்தில் அவர் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் பழைய வீடுகளை இடிக்கும் வேலை பார்த்துக்கொண்டு இருந்தார்!

ஆறாவது பிள்ளை

டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் அந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தன. வேலை தேடி நாலா பக்கங்களில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்த ஊர். தெற்கு மாநிலங்களில் இருந்து கறுப்பர்கள் வந்தார்கள். போலந்துக்காரர்கள் வந்தார்கள். மெக்சிகோவில் இருந்தும் வந்தார்கள். அப்படி மெக்சிகோவில் இருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தில் 1942-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி பிறந்தவர் ரோட்ரிகஸ். ஆறாவது பிள்ளை என்பதால் 'சிக்ஸ்டோ' என்று பெயர் வைத்தார்கள்.

கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பாட்டுகளைத் தானே எழுதினார், தானே மெட்டுப் போட்டார், தானே பாடினார். மெல்லிய, தெளிவான குரல். காதல் பாட்டும் உண்டு. ஆனால் அதிகமாகப் பாடியது ஊரைப் பற்றித்தான். ஒழுகும் வீட்டுக்கு வாடகை வாங்குகிற சொந்தக்காரர், போதை மருந்து விற்கிறவன், வேலை இல்லாதவன், எதையும் கண்டுகொள்ளாத நகரசபை, இவர்கள் எல்லோரும் அவர் பாட்டில் வந்தார்கள்.

1967-ம் ஆண்டு ஜூலையில் டெட்ராய்டில் பெரிய கலவரம் நடந்தது. 43 பேர் செத்தார்கள். அந்த ஊரில், அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட பாட்டுகள் இவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

அதே 1967-ல் ஒரு சிறிய கம்பெனி அவருடைய பாட்டு ஒன்றை முதன்முதலாக இசைத்தட்டாக வெளியிட்டது. தட்டில் 'ராட் ரிகஸ்' என்று அச்சடித்தார்கள். மெக்சிகோக்காரர் பெயர் என்று தெரியாதபடி 'ரோட்ரிகஸ்' என்ற பெயரை இரண்டாக வெட்டிவிட்டார்கள்! வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது நம்மில் பலருக்கு நடந்ததுதான். இவருக்கு இசைத்தட்டிலேயே நடந்தது.

சுவரைப் பார்த்துப் பாடியவர்

டெட்ராய்டில் ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு மதுக்கடை இருந்தது. 'சாக்கடை' என்ற பொருள் வரும்படி அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து இருந்தார்கள். 1960-களின் கடைசியில் ஒருநாள் மைக் தியோடர், டென்னிஸ் காபி என்ற இருவர் அங்கே போனார்கள். இருவரும் இசைத்தட்டு தயாரிக்கும் தொழிலில் இருந்தவர்கள். டென்னிஸ் காபி பெரிய கம்பெனிப் பாட்டுகளுக்குக் கிதார் வாசித்துப் பேர் வாங்கியவர். "ஒரு பையன் நன்றாகப் பாடுகிறான், வந்து கேளுங்கள்" என்று சொல்லி அவர்களை வரவழைத்து இருந்தார்கள்.

உள்ளே ஒரே சிகரெட் புகை. பாட்டு கேட்டது. பாடுகிறவரைக் காணோம். தேடிப் பார்த்தால் ஒரு மூலையில், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஒருவர் பாடிக்கொண்டு இருந்தார்!

கூச்சமா, அல்லது பாட்டைத் தவிர வேறு எதிலும் கவனம் போகக்கூடாது என்ற எண்ணமா? அவரவர் ஒரு காரணம் சொன்னார்கள். முகம் தெரியாததால் வார்த்தைகளை உன்னிப்பாகக் கேட்கவேண்டியதாயிற்று என்றார்கள் அந்த இருவரும். அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஒப்பந்தம் போட ஏற்பாடு செய்தார்கள்.

'சசெக்ஸ் ரிகார்ட்ஸ்' என்ற கம்பெனி 1970-ம் ஆண்டு மார்ச்சில் 'கோல்டு பாக்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டுகள். அடுத்ததாக லண்டனுக்கு அழைத்துப்போய் 'கமிங் பிரம் ரியாலிட்டி' என்ற இரண்டாவது தட்டைப் பதிவு செய்தார்கள். அது 1971 நவம்பரில் வந்தது.

இரண்டும் விற்கவில்லை. சுமாராக விற்றது என்றுகூடச் சொல்லமுடியாது. அமெரிக்காவில் யாரும் வாங்கவே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகளில் ஒன்றிரண்டு நல்ல வார்த்தைகள் வந்தன. அதோடு சரி. கம்பெனி அவரைக் கைவிட்டது. 1975-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது.

ஏன் விற்கவில்லை? அவரை வைத்து இசைத்தட்டு தயாரித்தவர்களுக்கே இன்றுவரை விடை தெரியாத கேள்வி அது. தயாரிப்பில் குறை சொல்ல முடியாது. மெக்சிகோப் பெயரைப் பார்த்துவிட்டு ரேடியோக்காரர்கள் தட்டை ஒதுக்கினார்கள் என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. கம்பெனி விளம்பரம் செய்யவில்லை என்பது இன்னொன்று. எனக்குத் தோன்றுவது வேறு. பாடகர் ஊர் ஊராகப் போய், முகத்தைக் காட்டி, சிரித்துப் பேசி, தன்னைத்தானே விற்றால்தான் அந்த ஊரில் தட்டு விற்கும். சுவரைப் பார்த்துப் பாடுகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

முதுகில் பிரிட்ஜ்

பாட்டு சோறு போடவில்லை. அவர் கூலி வேலைக்குப் போனார்.

தொழிற்சாலையில் கொஞ்சநாள். பிறகு கட்டிட வேலை. பழைய வீடுகளைக் காலி செய்வது, உள்சுவரை இடிப்பது, குப்பையை அள்ளுவது, பழுது பார்ப்பது. முதுகில் பிரிட்ஜைச் சுமந்துகொண்டு அப்பா மாடிப்படியில் வந்ததைப் பார்த்திருக்கிறேன் என்று அவருடைய மகள் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார்.

மும்பையிலும் பெங்களூரிலும் கட்டிட வேலை பார்க்கிற நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். புதிய வீட்டைக் கட்டுவதைவிடப் பழைய வீட்டை இடிப்பது கஷ்டம். எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. தூசி நெஞ்சில் ஏறும். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வரும்போது தலைமுடி வெள்ளையாகி இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் ரோட்ரிகஸ் செய்தது அந்த வேலைதான்.

உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்ன செய்தி ஒன்று உண்டு. இடிப்பு வேலைக்கு ரோட்ரிகஸ் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருவாராம்! எட்டு மணி, பத்து மணி நேரம் அழுக்கிலும் புழுதியிலும் நின்று வேலை பார்ப்பாராம். மற்றவர்கள் செய்யத் தயங்கும் வேலையையும் ஏதோ பூஜை செய்வதுபோல ஒழுங்காகச் செய்வாராம்.

1976-ம் ஆண்டு அரசாங்க ஏலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். விலை 50 டாலர். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போய்க்கொண்டு இருந்த ஊரில் வீட்டுக்கு அவ்வளவுதான் மதிப்பு. கடைசி வரை அதுதான் அவர் வீடு.

அவருக்கு மூன்று பெண்கள். சினிமாவுக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போகக் காசு இல்லை. அதனால் நூல் நிலையத்துக்கும் சித்திரக் காட்சி சாலைக்கும் அழைத்துப் போனார். அதற்குக் காசு வேண்டியதில்லை. தானும் படித்தார். வேலை பார்த்துக்கொண்டே டெட்ராய்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1981-ல் தத்துவப் பட்டம் வாங்கினார். நகரசபைக்குத் தேர்தலில் நின்றார். மேயர் பதவிக்கு நின்றார். மாநில சட்டசபைக்கும் நின்றார். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

கிதாரை மட்டும் விடவில்லை. வீட்டில் வாசித்தார்.

கடல் கடந்த தட்டு

இனித்தான் விசித்திரம்.

அமெரிக்காவில் யாரும் வாங்காத அந்தத் தட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படிப் போனது? ஓர் அமெரிக்கப் பெண் காதலனைப் பார்க்க வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தாள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, வந்த தட்டு ஊர் முழுவதும் பரவியது. ஒருவர் வாங்கினார், பத்துப்பேர் கேசட்டில் பதிவு செய்துகொண்டார்கள். உள்ளூர்க் கம்பெனிகள் உரிமை வாங்கித் தாங்களே அச்சடித்து விற்கத் தொடங்கின.

அப்போது அங்கே நிறவெறி ஆட்சி. கறுப்பர்கள் ஒரு பக்கம், இந்தியர்கள் ஒரு பக்கம், வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம் என்று மனிதர்களைப் பிரித்து வைத்து இருந்தார்கள். உலகம் அந்த நாட்டை ஒதுக்கி வைத்தது. வெளிநாட்டுக் கலைஞர்கள் வரமாட்டார்கள். டெலிவிஷனே 1976-ல்தான் வந்தது. பத்திரிகைக்கும் பாட்டுக்கும் கடுமையான தணிக்கை. வெள்ளைக்கார இளைஞர்கள் கட்டாயமாக ராணுவத்தில் சேரவேண்டும். அந்த இளைஞர்கள் முகாம்களிலும் ஹாஸ்டல்களிலும் ரோட்ரிகசைக் கேட்டார்கள். "அரசாங்கத்தைப் பார்த்துக் கோபப்படலாம், அதைப் பாட்டாகவும் பாடலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ஆள்தான்" என்று பிற்காலத்தில் பாடகர்கள் ஆன சிலர் சொன்னார்கள்.

அரசாங்க ரேடியோவில் இருந்த தட்டின் கதியைக் கேளுங்கள். போதை மருந்தைப் பற்றிய ஒரு பாட்டை யாரும் தவறிப்போயும் ஒலிபரப்பி விடக்கூடாது என்பதற்காக, தட்டில் அந்தப் பாட்டு உள்ள இடத்தைக் கூரான கருவியால் கீறி வைத்து இருந்தார்கள். ஊசி வைத்தால் ஓடாது!

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தப் புகழ் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்களிடம்தான். நிறவெறியை ஒழித்தது கறுப்பின மக்களின் நீண்ட போராட்டம். ரோட்ரிகஸ் பாட்டு அவர்கள் வீடுகளுக்கு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. இந்தப் பாட்டினால்தான் ஆட்சி ஆட்டம் கண்டது என்பதுபோலச் சிலர் எழுதியது மிகை.

ஆஸ்திரேலியாவிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டானார்கள். அங்கே ஒரு கம்பெனி 1977-ல் அவருடைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. ஆளையும் தேடிப்பிடித்து 1979-ல் வரவழைத்தார்கள். 1981-ல் இரண்டாம் தடவையும் போய்வந்தார். மேடையில் பாடியதைப் பதிவு செய்து போட்ட தட்டுக்கு 'அலைவ்' என்று பெயர். 'உயிரோடு இருக்கிறார்' என்றும் பொருள் கொள்ளலாம். செத்துப்போனதாக வந்த வதந்திக்கு அதுதான் பதில். ஆனால் அந்தப் பதில் தென்னாப்பிரிக்காவை எட்டவில்லை. உலகம் ஒதுக்கிவைத்த நாட்டுக்கு உள்ளே செய்தி போவதும் சுலபம் அல்ல, வெளியே வருவதும் சுலபம் அல்ல.

பணம் எங்கே போனது?

தென்னாப்பிரிக்காவில் அவருடைய தட்டுகள் 5 லட்சம் விற்றிருக்கும் என்று ஒரு கணிப்பு உண்டு. சரியான கணக்கு யாரிடமும் இல்லை. அதில் ரோட்ரிகசுக்கு என்ன கிடைத்தது? அவர் சொன்னபடி, ஒரு காசும் வரவில்லை.

பாட்டு எழுதியவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை ராயல்டி என்பார்கள். விற்கும் கம்பெனி அதை நேராகப் பாடகரிடம் கொடுப்பது இல்லை. உள்ளூர்க் கம்பெனி உரிமை கொடுத்த அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அந்தக் கம்பெனி பாடகருக்கு அனுப்பவேண்டும். "நாங்கள் ஒழுங்காக அனுப்பினோம்" என்றார்கள் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்காரர்கள். இடையில் இருந்த கம்பெனி மூடிக் கிடந்தது. கணக்குப் புத்தகம் எங்கே, யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. காண்டிராக்டரிடம் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனியில் கேட்டால் காண்டிராக்டரைக் கைகாட்டுவார்கள் அல்லவா, அந்த மாதிரி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் தட்டில் பாட்டு எழுதியவர் பெயரை ஓரிடத்தில் 'ஜீசஸ் ரோட்ரிகஸ்' என்றும் வேறோர் இடத்தில் 'ஆறாவது இளவரசர்' என்று பொருள்படும்படியும் போட்டு இருந்தார்கள். ரசிகர்கள் இது ஏதோ கவிஞரின் குறும்பு என்று நினைத்தார்கள். ரோட்ரிகஸ் அதற்கு முன்பே வேறொரு பதிப்புக் கம்பெனிக்குப் பாட்டு எழுதித்தர ஒப்பந்தம் செய்து இருந்தார், அதை மறைக்கத்தான் பெயரை மாற்றினார்கள் என்று 2014-ல் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ஒருவர் பெயரால் இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டன. பெயருக்குச் சொந்தக்காரர் அத்தனை வருடமும் செங்கல் சுமந்துகொண்டு இருந்தார்.

துப்பறிந்த இருவர்

கேப்டவுனில் ஸ்டீபன் செகர்மன் என்று ஒருவர். ராணுவ நாட்களில் இருந்தே ரோட்ரிகஸ் ரசிகர். அவருடைய பட்டப்பெயரே அந்தப் பாட்டில் இருந்து வந்ததுதான். 1996-ல் இரண்டாவது தட்டைத் தென்னாப்பிரிக்காவில் குறுந்தட்டாக வெளியிட்டபோது, அட்டையில் அச்சிட ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். "இந்தக் கலைஞர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. துப்பறியக் கூடியவர்கள் யாராவது உண்டா?" என்ற கருத்தை அதில் சேர்த்தார்.

அதைப் படித்த கிரெய்க் பார்த்தோலோமியூ என்ற பத்திரிகையாளர் கிளம்பினார். முதலில் பணம் போன வழியைப் பிடித்துப் பார்த்தார். முட்டுச்சந்து. பிறகு பாட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார். ஒரு பாட்டில் டியர்பார்ன் என்று ஒரு பெயர் வந்தது. அட்லாசைப் புரட்டினார். டெட்ராய்டை ஒட்டிய ஊர், போர்டு கம்பெனியின் தலைமை அலுவலகம் உள்ள இடம். அங்கிருந்து நூல் பிடித்துப் போய் 1997-ல் மைக் தியோடரை டெலிபோனில் பிடித்துவிட்டார். ஆம், அந்த மதுக்கடையில் புகைக்கு நடுவே பாட்டைக் கேட்ட அதே தியோடர்தான்.

ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார் என்று கேட்டார் கிரெய்க். எதிர்முனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் செத்தது? அவர் நன்றாக இருக்கிறாரே!" என்றார்.

இதே சமயத்தில் இண்டர்நெட்டிலும் ரோட்ரிகசைத் தேடி ஓர் அறிவிப்பு வைத்து இருந்தார்கள். காணாமல்போன குழந்தையின் படத்தை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பால் டப்பாவில் அச்சிட்டு வந்தார்கள். அதேபோலப் பால் டப்பாவில் ரோட்ரிகஸ் படம். அவருடைய மூத்த மகள் ஈவா அதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார். கொஞ்ச நாளில், நடுராத்திரி கடந்த நேரத்தில் செகர்மன் வீட்டு டெலிபோன் அடித்தது. எடுத்தால், தட்டில் இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே குரல்!

அந்த இரவு

நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். 1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் மகள்களோடு விமானத்தில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நீளமான சொகுசுக் கார்கள் நின்றன. யாரோ பெரிய மனிதருக்காக வந்த கார்கள் என்று நினைத்துக் குடும்பம் ஒதுங்கி நின்றது. கார்கள் வந்தது அவர்களுக்காகத்தான்! தெருவில் பார்த்தால் அப்பா படம் போட்ட சுவரொட்டிகள்.

பின்னணி வாசிக்க 'பிக் ஸ்கை' என்ற உள்ளூர்க் குழு. அவருடைய பாட்டுகள் அவர்களுக்குப் பல வருடமாகப் பழக்கம். அவர்தான் அவற்றை மேடையில் பாடிப் பல ஆண்டுகள் ஆகி இருந்தன.

விளக்கு அணைந்தது. பாஸ் கிதாரில் ஒரு பாட்டின் தொடக்கம் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடமான மெட்டு. கூட்டத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. ரோட்ரிகஸ் மேடைக்கு வந்து நின்றார். 55 வயது. கறுப்பு உடை. ஒல்லியான உடம்பு.

கூச்சல் அடங்கவில்லை. மெட்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது, அவரால் பாட ஆரம்பிக்க முடியவில்லை. நிமிடக் கணக்கில் நின்றார். கையை ஆட்டவில்லை, ஆடவில்லை, பதறவும் இல்லை. பத்துப்பேருக்கு முன்னால் சுவரைப் பார்த்துப் பாடிய மனிதர், ஐயாயிரம் பேர் முகத்தையும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏதோ ரொம்ப நாள் தொலைந்து போயிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல அமைதியாக இருந்தார் என்று அன்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். "என்னை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு பாடினார். அடுத்த கணமே கூட்டம் அத்தனையும் சேர்ந்து பாடியது. ஒவ்வொரு வரியும் அவர்களுக்குத் தெரிந்து இருந்தது.

அந்தக் காட்சியை வீடியோவில் எடுத்து இருக்கிறார்கள். பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முன்வரிசையில் நிற்பவர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், சிலர் வாய் திறந்தபடி அப்படியே நிற்கிறார்கள். பாட்டு கேட்கிற முகம் அல்ல அது. ரெயில் விபத்தில் போய்விட்டார் என்று நினைத்த அண்ணன் வாசலில் வந்து நின்றால் வீட்டில் உள்ளவர்கள் முகம் எப்படி இருக்கும்? அதுமாதிரி.

மொத்தம் ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். எல்லாவற்றிலும் டிக்கெட் தீர்ந்துபோனது. முடிந்ததும் கையெழுத்துக்கு நீண்ட வரிசை. அவசரப்படாமல் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு?

டெட்ராய்டுக்குத் திரும்பினார். அதே 50 டாலர் வீடு. அதே வேலை. கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டார். பிறகும் பலமுறை தென்னாப்பிரிக்கா போய்ப் பாடிவிட்டு வந்தார். அங்கே இறங்கினால் நட்சத்திரம். இங்கே இறங்கினால் கூலி ஆள்.

ஆஸ்காருக்குத் தூக்கம்

ஸ்வீடன் நாட்டு இளைஞர் மாலிக் பென்ஜெலுல் கதை தேடி ஆப்பிரிக்கா முழுவதும் சுற்றியவர். கேப்டவுனில் செகர்மனைச் சந்தித்து இந்தச் செய்தியைக் கேட்டார். படம் எடுக்கப் புறப்பட்டார். பல ஆண்டுகள் ஆயின. கையில் இருந்த காசு தீர்ந்துபோனது. பிலிம் வாங்க முடியாமல் கடைசிக் காட்சிகள் சிலவற்றைச் செல்போனில் எடுத்தார். 'சர்ச்சிங் பார் சுகர் மேன்' என்ற அந்தப் படம் 2012 ஜனவரியில் வெளிவந்தது. 2013 பிப்ரவரியில் சிறந்த டாகுமெண்டரிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது.

ரோட்ரிகஸ் விழாவுக்குப் போகவில்லை. பரிசு படம் எடுத்தவர்களுக்கு உரியது, நான் போய் நின்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார். பரிசு அறிவித்த நேரத்தில் தூங்கிக்கொண்டு இருந்தார். மகள் டெலிபோன் செய்து சொல்லித்தான் தெரியும்.

படத்தைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலியக் கதையை அதில் அடியோடு விட்டுவிட்டார்கள். 1971-ல் இறங்கியவர் 1998 வரை மேடையே ஏறவில்லை என்று பார்ப்பவர்கள் நினைக்கும்படி செய்துவிட்டார்கள். உண்மைக் கதையே இவ்வளவு அதிசயமாக இருக்கும்போது அதில் வெட்டி ஒட்டியிருக்க வேண்டியது இல்லை. பென்ஜெலுல் 2014 மே மாதம் தன் 36-வது வயதில் காலமானார்.

கடைசி மேடைகள்

படத்துக்குப் பிறகு அமெரிக்காவும் அவரைக் கண்டுகொண்டது. 70 வயதுக்கு மேல் ஊர் ஊராகப் பயணம். 2013-ல் இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாடினார். நியூயார்க்கில் பெரிய அரங்குகளில் பாடினார். படித்த பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை. கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை மிகவும் மங்கிப்போய் இருந்தது. ஒருவர் கையைப் பிடித்து மைக் வரைக்கும் நடத்திக்கொண்டு வரவேண்டும். கறுப்புக் கண்ணாடி, கறுப்புத் தொப்பி. எந்தப் பாட்டு அடுத்தது என்று கூட வாசிப்பவர்களுக்கே தெரியாது. அவர் கிதாரில் தொட்டதும் இவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சில இரவுகளில் அது பிசகியது. தன் பாட்டை விட்டுவிட்டு யாரோ எழுதிய பழைய பாட்டுகளைப் பாடுவார். நடுவில் நிறுத்திச் சிரிப்பு சொல்லுவார். காசு கொடுத்து வந்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள்.

முணுமுணுத்ததைக் குற்றம் சொல்ல முடியாது. இசைத்தட்டில் 27 வயதுக் குரலைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். எதிரே நிற்பவருக்கு 71. ஆனாலும் ஒழுங்காக அமைந்த இரவுகளில், குழுவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் தனியாகக் கிதாரோடு ஒரு பாட்டுப் பாடுவது உண்டு. அரங்கம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும் என்று எழுதினார்கள். மதுக்கடை மூலையில் அந்த இருவர் கேட்டதும் அதைத்தான், ஒரு குரல், ஒரு கிதார்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி டெட்ராய்டில் ரோட்ரிகஸ் காலமானார். வயது 81. இந்தத் தடவை செய்தி உண்மை.

அவருடைய இரண்டு தட்டுகளையும் 2008, 2009-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மறுபடியும் வெளியிட்டார்கள். இப்போது செல்போனிலேயே கேட்கலாம். முதலில் 'கோல்டு பாக்ட்' கேளுங்கள். ஆங்கிலம் முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்து, அறையில் மற்றவர்கள் தூங்கும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிற மாதிரிப் பாட்டு.